பட்டறைக்காரர் பதில்கள்: பலகாரக்காரரின் விமானம்

சென்ற இதழில் ஒருவர், "சென்னையில் முதன்முதலில் விமானம் விட்டவர் யார்?" என்று கேட்டிருந்தார். "மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் வைத்திருந்த ஒரு முதலாளி, 1910-ல்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு, அடுத்த கேள்வியான கதவு இறுக்கத்துக்குப் போய்விட்டேன். தப்புதான். கடிதங்களை ஒரு கோணிப்பையில் கொண்டுவந்து என் திண்ணையில் கவிழ்த்த ஆசிரியர், "இந்த முறை ஹோட்டல் முதலாளிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கதவும் ஜன்னலும் காத்திருக்கட்டும்" என்றார். ஆகவே மரக்கறை, கரையான், கட்டில் கிறீச்சிடுவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மயிலாடுதுறை: நாற்பது ஆண்டு வரலாறு நடத்தியவள் நான். ரைட் சகோதரர்களைச் சொல்லிக்கொடுத்தேன், டாடாவைச் சொல்லிக்கொடுத்தேன். இந்த ஹோட்டல் முதலாளியை எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை. யார் அவர்?

அம்மா, அவர் பெயர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கார்சிகா தீவுக்காரர் என்று சென்னையின் கதையை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். நெப்போலியன் பிறந்த அதே தீவு. ஆட்சி பிரான்சினுடையது, பெயர்கள் இத்தாலிய வாடை அடிக்கும். அதனால்தான் இவரைச் சிலர் பிரெஞ்சுக்காரர் என்பார்கள், சிலர் இத்தாலியர் என்பார்கள்.

பிழைக்க வந்த ஊர் சென்னை. தொழில் பலகாரம். வெள்ளைக்காரத் துரைமார் வீட்டு விருந்துகளுக்குக் கேக்கும் மிட்டாயும் செய்து கொடுத்து, கையில் காசு சேர்ந்ததும் மவுண்ட் ரோட்டில் தன் பெயரிலேயே ஹோட்டல் நடத்தினார். இன்றைய அண்ணா சாலைதான். மின்சார லிஃப்ட் வைத்த ஹோட்டல் என்று அந்தக் காலத்தில் பெயர் வாங்கிய இடம். பிற்காலத்தில் அதே இடம் பொசோட்டோ ஹோட்டல் ஆனது. பழைய சென்னைக்காரர்களிடம் பொசோட்டோ என்று சொன்னால் கொஞ்சம் ஞாபகம் வரும், டி ஏஞ்சலிஸ் என்று சொன்னால் வராது.

1909 ஜூலை 25-ஆம் தேதி லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். கலே பக்கத்திலிருந்து டோவர் வரை, சுமார் 37 நிமிடம். உலகமே வாய் பிளந்தது. மவுண்ட் ரோட்டு ஹோட்டல்காரர் வாய் பிளந்ததோடு நிற்கவில்லை. தானே ஒரு விமானத்துக்குப் படம் வரைந்தார். அதே சாலையில் இருந்த சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார். ஒரு சின்ன எஞ்சினைப் பொருத்தினார். பல்லாவரம் பக்கம் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னால், டிக்கெட் வைத்துப் பறந்து காட்டினார். 1910 மார்ச் மாதம்.

ஜூலையிலிருந்து மார்ச். எட்டே மாதம்! நான் வேலை பார்த்த பட்டறையில் ஒரு பஸ்ஸுக்குக் கூடு கட்டவே இரண்டு மாதம் ஆகும். அதுவும் நூறு தடவை கட்டிய அதே கூடு.

பத்தாம் வகுப்பு மாணவன், ஆம்பூர்: கேக் செய்கிறவருக்கு விமானம் எப்படித் தெரியும்? அவர் என்ஜினியரிங் படித்தவரா?

தம்பி, அன்றைக்கு விமானம் படித்தவர் என்று உலகத்தில் யாரைக் கூப்பிட்டிருப்பாய்? ஆர்வில் ரைட்டும் வில்பர் ரைட்டும் ஓஹையோவில், டேட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். இரண்டு பேரும் கல்லூரிப் பட்டம் வாங்காதவர்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. உங்கள் பள்ளி மைதானத்தில் நீ ஓடினால் அதற்கு மேல் ஓடுவாய். பிளேரியோ படித்த பொறியாளர்தான். ஆனால் அவர் வயிறு வளர்த்தது கார் முகப்பு விளக்கு செய்து விற்று. விளக்கு வியாபாரத்தில் வந்த லாபத்தை எல்லாம் விமானத்தில் கொட்டி, ஒன்று மாற்றி ஒன்றாக உடைத்து, கடனில் நின்றபோதுதான் கால்வாயைக் கடந்தார். கடந்ததும் நூற்றுக்கும் மேல் விமானத்துக்கு ஆர்டர் வந்து குவிந்தது.

சைக்கிள் கடை, விளக்குக் கடை, மிட்டாய்க் கடை. மூன்றுமே கல்லாப்பெட்டி உள்ள இடங்கள் என்பதைக் கவனி. விமானத்தை முதலில் தூக்கிவிட்டது அரசாங்கம் அல்ல. கடைக்காரர்கள்.

மிட்டாய் செய்கிறவரை லேசாக நினைக்காதே. சர்க்கரைப் பாகு ஒரு கம்பிப் பதத்திலிருந்து இரண்டு கம்பிப் பதத்துக்குப் போகும் நேரத்தைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அளவும் பொறுமையும் தெரியும். எங்கள் பட்டறையில் மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சத் தெரியாமல் கருக விட்ட டிப்ளமோக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரம்பூர்: சிம்ப்சன் என்றால் எனக்குத் தெரிந்து எஞ்சின், டிராக்டர். அவர்களிடம் விமானம் செய்ய என்ன இருந்தது?

பெரம்பூர்க்காரரே, உங்கள் கேள்விதான் எனக்குப் பிடித்தது. கடிதங்களில் முக்கால்வாசிப் பேர் பறந்தவரைப் பற்றிக் கேட்டார்கள். செய்தவர்களைப் பற்றிக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

சிம்ப்சன் 1840-ல் தொடங்கிய நிறுவனம். பேர் வாங்கியது குதிரை வண்டியில். சாரட்டு, கோச்சு, பீட்டன் என்று ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் கட்டிக் கொடுத்தவர்கள். 1903-ல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு நீராவிக் கார் செய்தார். இந்தியாவிலேயே செய்த முதல் கார் அதுதான் என்று சொல்வார்கள். ஆக 1910-ல் அந்தப் பட்டறையில் ஒரு பக்கம் மரமும் தோலும் துணியும் வார்னிஷும், இன்னொரு பக்கம் எஞ்சினும் குழாயும் திருகும் இருந்தன. விமானம் செய்ய இதைவிட வேறு என்ன வேண்டும்?

சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன். இப்போதைய விமானத்தை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். அலுமினியம் கிடையாது, வெல்டிங் கிடையாது. 1910-ன் விமானம் என்பது மரச் சட்டம், அதன்மேல் துணி, அங்கே இங்கே இழுத்துப் பிடிக்கும் கம்பி. அவ்வளவுதான். பிளேரியோவின் விமானத்தில் உடல் பகுதிக்கு ஆஷ் என்ற மரம். இங்கிலாந்தில் கோச்சு வண்டிக்கும் அதே மரம்தான். குலுங்கினால் ஒடியாமல் வளைந்து கொடுக்கும் என்பதால்.

இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் இரண்டு உத்தரம். அவற்றுக்குக் குறுக்கே, மீன் முள் மாதிரி வரிசையாக வளைந்த விலா எலும்புகள். ஒவ்வொரு விலாவும் ஒரே வளைவில் இருக்க வேண்டும். ஒன்று மேடாகவும் ஒன்று பள்ளமாகவும் இருந்தால் இறக்கையின் ஒரு பக்கம் தூக்கும், மறு பக்கம் தூங்கும். மரத்தை ஆவியில் வேகவைத்து அச்சில் கட்டி வளைப்பது கோச்சு வண்டிக்காரருக்குப் பழகிய வேலை. கோச்சு வண்டியின் மட்கார்டும் கூரை விளிம்பும் வேறு எப்படி வந்தன? ஆணி அடித்தால் மெல்லிய சட்டம் பிளந்துவிடும் என்பதால் மரத்துக்குள் மரம் கோர்த்து வஜ்ஜிரம் வைப்பார்கள். அதுவும் அவர்களுக்கு அத்துப்படி.

அடுத்து துணி. சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்து, மேலே பூச்சு பூச வேண்டும். பூச்சு காயும்போது துணி சுருங்கி, பறைத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். விரலால் சுண்டினால் ஓசை வர வேண்டும். கோச்சு வண்டியின் கூரைக்குத் துணி இழுத்து அடித்தவரும், இருக்கைக்குத் தோல் தைத்தவரும், பதினைந்து இருபது கை வார்னிஷ் பூசிப் பூசித் தேய்த்தவரும் அதே பட்டறையில் இருந்தார்கள்.

பிறகு கம்பி. ஒரு கம்பியை இறுக்கினால் எதிர்ப்பக்கம் தளரும், அதை இறுக்கினால் மூன்றாவது முறுக்கும். சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும். ரைட் சகோதரர்களுக்குப் புரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

எடை விஷயத்தில்தான் பட்டறைக்காரர்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர் ஆசாரிக்குச் சந்தேகம் வந்தால் சட்டத்தைக் கனமாக்குவான். விமானத்தில் அது நடக்காது. வெளிநாட்டில் இறக்கைக்கு விரும்பிய ஸ்ப்ரூஸ் மரம் கன மீட்டருக்கு 400, 450 கிலோ. நம் தேக்கு 600-க்கும் மேல். இழைப்புளியை எடுத்து, இன்னும் ஒரு சீவல், இன்னும் ஒரு சீவல் என்று ஒடியப்போகும் இடம்வரை போய் நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைக் கைதான் சொல்லும். படம் சொல்லாது.

படம் வரைந்தவர் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் கடைசிச் சீவலில் நிறுத்தியவர் பெயர் கிடைக்கவில்லை.

இல்லத்தரசி, ஸ்ரீரங்கம்: நீங்கள் பரம்பரை ஆசாரிக் குடும்பம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். உங்கள் தாத்தா அந்த விமானத்தில் வேலை பார்த்திருப்பாரோ?

வீட்டில் அப்படி ஒரு கதை உண்டு, அம்மா. "தாத்தா இழைத்த பலகைதான் வானத்தில் போனது" என்று அத்தை சொல்லிச் சொல்லியே எங்களுக்குச் சோறு ஊட்டினாள். நானும் ரொம்ப நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் கணக்குப் பார்த்தேன். 1910-ல் தாத்தாவுக்கு வயது நான்கு.

ஜவுளி வியாபாரி, ஈரோடு: டிக்கெட் போட்டு விமானம் காட்டினார் என்கிறீர்கள். அப்படியானால் அது சர்க்கஸ்தானே? வியாபாரத் தந்திரத்துக்கு வீரம் என்று பெயர் வைக்கலாமா?

ஜவுளி வியாபாரி இந்தக் கேள்வியைக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆடிக்குத் தள்ளுபடிப் பலகை வைப்பீர்கள், இல்லையா?

ஐயா, சர்க்கஸ் என்றே வைத்துக்கொள்வோம். கயிற்றில் நடப்பவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு நடந்தால் கயிறு தாழ்ந்துவிடுகிறதா? 1909 ஆகஸ்டில் பிரான்சில், ரைம்ஸ் நகரில் ஒரு வாரம் விமானத் திருவிழா நடந்தது. அங்கேயும் டிக்கெட்தான், அங்கேயும் கூட்டம்தான். பிளேரியோ கால்வாயைக் கடந்ததே ஒரு லண்டன் பத்திரிகை அறிவித்த 1,000 பவுன் பரிசுக்காக. அந்தப் பத்திரிகை பரிசு வைத்தது விற்பனை கூடட்டும் என்று. பணம் தொடாத வீரம் என்று அன்றைய விமானத்தில் எதுவுமே கிடையாது.

எனக்கு டிக்கெட் விஷயத்தில் டி ஏஞ்சலிஸ் மீது மரியாதைதான் கூடுகிறது. ராஜாவாக இருந்தால் கஜானாவைத் திறந்து விளையாடலாம். இவர் மறுநாள் காலையில் எழுந்து சமையல்காரனுக்கும் லிஃப்ட்காரனுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியவர். சிம்ப்சனுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். ஆசைக்குச் செலவழித்ததை அந்த ஆசையிடமிருந்தே கொஞ்சமாவது திரும்ப வாங்கப் பார்த்திருக்கிறார். அதோடு, டிக்கெட் விற்றவன் ஓடி ஒளிய முடியாது. பல்லாவரத்தில் ஆள் இல்லாத இடத்தில் கவிழ்ந்தால் மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். தீவுத்திடலில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது விமானம் எழும்பாமல் போயிருந்தால், மறுநாள் அவர் ஹோட்டலில் காபி குடிக்க எவன் வந்திருப்பான்? பந்தயத்தில் கடையையே வைத்தார் மனிதர்.

வங்கி ஊழியர், பெங்களூரு: 1911-ல் அலகாபாத்தில் பறந்ததுதான் இந்தியாவின் முதல் விமானம் என்று படித்திருக்கிறேன். சென்னைக்காரர் என்பதால் சென்னைக்கு இழுக்கிறீர்களா?

கொஞ்சம் இழுப்பேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் இழுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அலகாபாத்தில் நடந்தது வேறு விஷயம். 1911 பிப்ரவரி 18-ஆம் தேதி, ஆன்றி பெக்கே என்ற 23 வயதுப் பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு, யமுனைக்கு அந்தப் பக்கம் இருந்த நைனிக்குப் போய் இறக்கினார். பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது. அது உலகத்தின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால். அந்தப் பெருமையில் அலகாபாத்துக்குப் பங்காளி யாரும் இல்லை. முதல் தபால் என்பது வாய்வழியில் முதல் விமானம் ஆகிவிட்டது. நம் ஊரில் இது சகஜம்.

சென்னைப் பறத்தல் அதற்குப் பதினொரு மாதம் முந்தியது. ஆசியாவிலேயே முதல் என்றுகூடச் சென்னை வரலாற்றாளர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். ஜப்பானில் கேப்டன் தொகுகாவா யோயோகி மைதானத்தில் பறந்து பெயர் வாங்கியது 1910 டிசம்பரில்தான். ஆனால் நான் "முதல்" என்ற சொல்லில் ரொம்பத் தொங்கமாட்டேன். எத்தனை அடி உயரம் போனால் பறத்தல், எத்தனை விநாடி நின்றால் பறத்தல் என்று அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெக்கே ஓட்டிய விமானம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. தொகுகாவாவின் விமானம் பிரான்சில் வாங்கியது. டி ஏஞ்சலிஸின் விமானம் மவுண்ட் ரோட்டில் செய்தது. இந்த ஒரு வரியை யாரும் மறுக்காதவரை, முதல் பரிசை யார் எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குக் கவலை இல்லை.

கல்லூரி மாணவி, வேலூர்: மெரினா போன்ற நீண்ட கடற்கரை இருக்கும்போது ஏன் பல்லாவரம்?

ரைட் சகோதரர்கள் மணல்மேட்டில் பறந்தது உங்கள் மனதில் இருக்கிறது போலும். அவர்கள் விமானத்துக்குச் சக்கரம் கிடையாது, தண்டவாளம் போட்டு ஓட்டினார்கள். சக்கரம் வைத்த விமானம் மணலில் புதைந்துவிடும். பல்லாவரம் பழைய ராணுவக் குடியிருப்பு. கெட்டித் தரை, திறந்த வெளி, வேடிக்கை பார்க்கக் கூட்டம் இல்லாத தூரம். இன்றைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் அந்தப் பக்கத்து வீடுகளின் தலைக்குமேல்தான் வருகின்றன என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இன்னொன்று, சென்னையின் கடல் காற்று. நடுப்பகலுக்குமேல் கிளம்பினால் வேகமாக வீசும். அன்றைய விமானம் பட்டத்தைவிடக் கொஞ்சம்தான் கனம் என்பதால், அதிகாலையிலோ அந்தியிலோ காற்று அடங்கிய நேரம் பார்த்துத்தான் உலகமெங்கும் பறந்தார்கள். வெயில் வேறு. மார்ச் மாதப் பகலில் 33 டிகிரி என்று வையுங்கள். ஐரோப்பாவின் 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட அது ஆறு சதவீதம் மெலிந்தது. இறக்கைக்குப் பிடிமானம் அவ்வளவு குறைவு, எஞ்சினுக்கு மூச்சும் அவ்வளவு குறைவு. திணறித் திணறி எழும்பும் சின்ன எஞ்சினுக்கு ஆறு சதவீதம் விளையாட்டல்ல. போதாததற்கு ஈரக் காற்று. வஜ்ஜிரத்துக்கு ஈரம் ஆகாது, இளகிவிடும். மழைக்காலத்தில் எங்கள் பட்டறையில் ஒட்டிய நாற்காலிக் கால் கையோடு வந்த கதைகள் உண்டு. நாற்காலியிலிருந்து விழுந்தால் இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான்.

வாசகர், காரைக்குடி: எங்கள் பக்கத்து வணிகர்களில் விமானத்தோடு தொடர்புடையவர் உண்டா?

உண்டு, ஆனால் துயரமான தொடர்பு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-ல் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் விமானம் தரையிறங்கும்போது நடந்த விபத்தில் இறந்தார். கடல் கடந்த ஊர்களில் கிளை திறந்த வங்கியின் முதலாளிக்கு விமானம் பொழுதுபோக்கு அல்ல. பஸ் மாதிரி.

மருந்துக்கடைக்காரர், திண்டுக்கல்: தொழிலதிபர், விமானப் பிரியர் என்றால் ஜே.ஆர்.டி. டாடாவைத்தானே சொல்ல வேண்டும்?

அவரைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இருந்தாலும் சென்னைக்கு உரிய ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1932 அக்டோபர் 15 அன்று அவர் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு 'புஸ் மாத்' என்ற சின்ன விமானத்தில் தபால் கொண்டுவந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். கதை பம்பாயில் முடியவில்லை. அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பையை வாங்கிக்கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, சென்னையில் கொண்டுவந்து சேர்த்தார். அந்த வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் நாம்தான்.

டாடாவைப் பற்றி எனக்குப் பிடித்தது வேறொரு கதை. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு, இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகா கான் பரிசு அறிவித்தார். 1930-ல் டாடா இங்கிருந்து கிளம்பினார், ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர் அங்கிருந்து. எகிப்தில் அபுகீர் விமானத்தளத்தில் டாடா இறங்கினால், ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறார். டாடா தன் உபரி பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி பதிலுக்குத் தன் மிதவைச் சட்டையைக் கொடுத்தார். பரிசை ஆஸ்பி ஜெயித்தார். பிற்காலத்தில் இந்திய விமானப்படைக்கே தளபதியானார். போட்டிக்காரனுக்குப் பிளக் கொடுக்கும் முதலாளி! என் சர்வீஸில் பக்கத்துப் பட்டறைக்கு ஒரு ஸ்பேனர் இரவல் கொடுத்த முதலாளியைக்கூடப் பார்த்ததில்லை.

வாசகர், தூத்துக்குடி: டி ஏஞ்சலிஸுக்கு ஒரு சிலை வைக்கச் சொல்லி நீங்கள் எழுதக்கூடாதா?

சிலை வேண்டாம். ஏற்கெனவே காக்கைகளுக்குச் சென்னையில் இடப் பஞ்சம் இல்லை. ஐ.டி.ஐ.-யில் மரவேலை படிக்கும் பிள்ளைகளிடம் 1910 மாதிரியில் ஒரே ஒரு இறக்கை செய்யச் சொல்லுங்கள். பாதித் துணி போர்த்தி, பாதி விலா எலும்பு தெரிய, மீனம்பாக்கத்தில் பெட்டிக்காகக் காத்திருக்கும் இடத்தில் தொங்கவிடலாம். பெட்டி வரும்வரை நிமிர்ந்து பார்க்க ஏதாவது வேண்டுமே.

பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, தாம்பரம்: கதவு ஜன்னல் எழுதும் உங்களுக்கு இந்த மனிதர்மீது ஏன் இவ்வளவு பிரியம்? வேறு ஏதோ இருக்கிறது.

இருக்கிறது.

1974. எனக்குப் பதினேழு வயது. பட்டறையில் சேர்ந்து ஆறு மாதம். ஒருநாள் மத்தியானம், சோடா கம்பெனி முதலாளி ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கதர்ச் சட்டை, பையில் மூன்று பேனா, கையில் சுருட்டிய காகிதம். சோடாப் பெட்டி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அளவு கேட்டேன். காகிதத்தை விரித்தார். ஓர் இறக்கை. ஆறடி நீளம். மாதிரி விமானத்துக்கு.

அவர்தான் எனக்கு டி ஏஞ்சலிஸைச் சொன்னது. "இதே ரோட்டில் ஒருத்தர் பட்டறைக்குப் படம் கொண்டுபோனார், அவரும் உங்களைப் போன்ற ஆட்களைத்தான் நம்பினார்" என்றார். மேஸ்திரி முதலில் துரத்தப் பார்த்தார். பிறகு அவருக்கே ஆசை வந்துவிட்டது. வேலை முடிந்தபின் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு இருபத்திரண்டு விலா எலும்பு செய்தோம். முதல் ஏழு என்னால் உடைந்தது. சோடாக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. உடைந்த துண்டை விரலில் வைத்துத் தராசு மாதிரி ஆட்டிப் பார்த்து, "எடை சரியாக இருந்தது, ஆயுள்தான் சரியில்லை" என்பார். தினமும் ஆளுக்கு ஒரு பன்னீர் சோடா கொண்டுவருவார். எனக்கு இரண்டு.

துணி போர்த்தும் நாளில் மேஸ்திரி கத்தரியை எடுத்தபோது, "கொஞ்சம் இருங்கள்" என்று தடுத்துவிட்டு, பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். இறக்கைக்குள் ஒவ்வொருவரும் அவரவர் செய்த விலாவில் பெயர் எழுத வேண்டும். எழுதாதவர் கூலி வாங்க முடியாது. எழுதத் தெரியாத பாலிஷ்காரர் ஒருவர் கட்டைவிரலை வார்னிஷில் தோய்த்து வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆற்றோரத் திடலில் பறக்கவிட்டோம். எஞ்சின் குளவி மாதிரி கத்தியது. எழும்பியது, உண்மையாகவே எழும்பியது. மேஸ்திரியின் கைக்கடிகாரப்படி இருபத்தாறு விநாடி. பிறகு ஒரு வேப்பமரம். சோடாக்காரர் மரத்தடியில் நின்றுகொண்டு, "ரைட் சகோதரர்களைவிடப் பதினான்கு விநாடி கூட!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மரத்தில் ஏறி இறக்கியது நான்.

அவர் போய்ச் சேர்ந்து இருபது ஆண்டுக்குமேல் ஆகிறது. கம்பெனியும் போய்விட்டது. மகன்கள் வீட்டை விற்றபோது, "இதை என்ன செய்வது என்று தெரியவில்லை, எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று ஒரு ஆட்டோவில் அனுப்பிவைத்தார்கள். அந்த இறக்கை இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது. துணி நைந்து கிழிந்துவிட்டதால் உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன. பதினொன்றாவது விலாவில் இருப்பது நான். பதற்றத்தில் என் பெயரையே எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறேன்.